பழுப்புக் கம்பியின் பாதை: பழைய கார்களில் குறுக்குச் சுற்றும் அதற்கான காப்பும்

மோட்டார் வாகனம் தீப்பிடித்த செய்தி நாளிதழ்களில் வரும்போது, கடைசி வரியில் ‘மின்கசிவே காரணம் என்று தெரிகிறது’ என எழுதி முடித்துவிடும் வழக்கம் தமிழில் வேரூன்றிவிட்டது. ஆனால் மின்கசிவும் குறுக்குச் சுற்றும் வேறு வேறான நிகழ்வுகள். ஒன்றுக்குச் செய்ய வேண்டிய மருத்துவம் மற்றொன்றுக்கு உதவாது. கசிவு என்பது கம்பியின் உறை பழுதான இடத்திலோ, ஈரம் பட்ட சுவிட்சிலோ, அழுக்குப் படிந்த பேட்டரியின் மேற்பரப்பிலோ சிறிதளவு மின்னோட்டம் தன் பாதையை விட்டு வழிவதாகும். அது இரவோடு இரவாகப் பேட்டரியை இறக்கிவிடுமே தவிர, பெரும்பாலும் காரை எரிப்பதில்லை. குறுக்குச் சுற்று என்பதோ, விளக்கு, ஹார்ன், மோட்டார் முதலிய எந்தக் கருவிக்குள்ளும் நுழையாமல், தடை ஏதுமின்றி மின்னோட்டம் பேட்டரியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நேராகத் திரும்பிவிடுவதாகும். பட்டறைகளில் ‘ஷார்ட்’ என்று ஒரே சொல்லில் சுட்டப்படும் இந்த நிகழ்வு பழைய கார்களில் எங்கே, ஏன் தோன்றுகிறது, அதை எவ்வாறு தடுக்கலாம் என்பதே இவ்வுரையின் பொருள்.

காரின் மின் அமைப்பு வீட்டின் மின் அமைப்பிலிருந்து ஓர் அடிப்படையில் வேறுபடுகிறது. வீட்டில் ஒவ்வொரு விளக்குக்கும் போகக் கம்பி ஒன்று, வரக் கம்பி ஒன்று என இரண்டு உண்டு. காரிலோ போகும் கம்பி மட்டுமே உண்டு, திரும்பும் பாதை காரின் இரும்பு உடலே. இதையே ‘பாடி எர்த்’ என்கின்றனர். இதனால் கம்பியின் செலவு பாதியாகிறது. ஆனால் உறை கிழிந்த கம்பி காரின் எந்தத் தகட்டைத் தொட்டாலும், எந்தத் திருகைத் தொட்டாலும், அந்த இடத்திலேயே சுற்று முழுமையடைந்துவிடுகிறது. ஆகவே காரில் ஓடும் ஒவ்வொரு அடி கம்பியும், அதைச் சுமந்து நிற்கும் இரும்பிலிருந்து ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான உறையால்தான் பிரிக்கப்பட்டிருக்கிறது என்பதை இத்துறையில் இறங்குவோர் முதலில் மனத்தில் இருத்த வேண்டும்.

12 வோல்ட் தானே, தொட்டாலும் உறைக்காத மின்சாரம் என்ன செய்துவிடும் என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. மனித உடலைத் தாக்குவதற்கு மின்னழுத்தம் வேண்டும். கம்பியை எரிப்பதற்கோ மின்னோட்டம் போதும். இதை ஒரு கணக்கால் தெளிவாக்கலாம். 2 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள செம்புக் கம்பி 2 மீட்டர் நீளம் ஓடி, ஒரு தகட்டில் உரசி நிற்பதாகக் கொண்டால், அக்கம்பியின் மின்தடை ஏறத்தாழ 0.017 ஓம், நல்ல நிலையிலுள்ள பேட்டரியின் உள்தடையும் இணைப்புகளின் தடையும் சேர்ந்து 0.013 ஓம் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 0.03 ஓம். ஓம் விதிப்படி 12 வோல்ட்டை இதனால் வகுக்க, 400 ஆம்பியர் வருகிறது. அக்கம்பி நீடித்துத் தாங்கக்கூடியதோ 17.5 ஆம்பியர்தான். மின்னோட்டத்தின் இருமடியைத் தடையால் பெருக்கினால் வெப்பம் கிடைக்கும் என்ற ஜூலின் விதிப்படி, அந்த 2 மீட்டர் கம்பிக்குள் மட்டும் ஏறத்தாழ 2,700 வாட் வெப்பம் பிறக்கிறது. அதாவது, வீட்டில் பயன்படும் ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டிகள் இரண்டரையின் சூடு, பென்சிலைவிட மெல்லிய கம்பி ஒன்றுக்குள் அடைபடுகிறது. கம்பியில் உள்ள செம்போ சுமார் 36 கிராம். அதன் வெப்பநிலை நொடிக்கு ஏறக்குறைய 200 டிகிரி வீதம் ஏறும். சாதாரண பிவிசி உறை 70 டிகிரிக்கென வகுக்கப்பட்டது. ஆகவே புகை கண்ணில் பட்டு, பானெட்டைத் திறந்து, ஸ்பானரைத் தேடி எடுத்துப் பேட்டரியைக் கழற்றலாம் என்று நினைப்பவருக்கு நேரம் கிடைப்பதில்லை. அந்த ஒரு கம்பி தன்னோடு ஒரே கட்டில் இருக்கும் மற்ற கம்பிகளின் உறைகளையும் உருக்கிவிட, ஒரு குறுக்குச் சுற்று பலவாகிவிடுகிறது.

இந்த ஓட்டத்தை இடையில் அறுப்பதற்காக வைக்கப்பட்டதே ஃபியூஸ். கம்பியைவிட முன்னதாக உருகும்படி வேண்டுமென்றே வலுக் குறைத்து வைக்கப்பட்ட ஒரு துண்டு அது. ஃபியூஸ் கருவியைக் காக்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது காப்பது கம்பியை. இந்த வேறுபாடு சொல்லளவானதன்று. கருவியைக் காப்பது என்றால் ஃபியூஸ் கருவியின் அருகில் இருக்கலாம். கம்பியைக் காப்பது என்றால் மின்சாரம் புறப்படும் இடத்தில், பேட்டரியின் அருகில் இருந்தாக வேண்டும். ஏனெனில் ஃபியூஸுக்கு முன்னால் உள்ள கம்பியை அந்த ஃபியூஸ் ஒருபோதும் காப்பதில்லை. பழைய கார்களின் குறை முழுவதும் இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிடுகிறது: அவற்றில் ஃபியூஸுக்கு முன்னால் ஓடும் கம்பியின் நீளம் மிக அதிகம்.

மாரிஸ் மைனரை எடுத்துக்காட்டாகக் கொள்வது பல வகையில் பொருந்தும். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமான இக்கார், 1971 வரை 16 இலட்சத்துக்கு மேல் தயாரிக்கப்பட்டது; தமிழ்நாட்டில் பழைய கார் பேணுவோரின் கொட்டகைகளிலும் இலங்கையின் சாலைகளிலும் இன்றும் ஓடும் நிலையில் காணப்படுவது. இதன் மின் சாமான்களைச் செய்தளித்தது பர்மிங்காமின் லூகாஸ் நிறுவனம். அதே நிறுவனம் டி.வி. சுந்தரம் அய்யங்கார் நிறுவனத்தோடு சேர்ந்து 1961இல் சென்னைப் பாடியில் லூகாஸ் டிவிஎஸ் ஆலையைத் தொடங்கியதால், டைனமோ, கட்-அவுட், செல்ஃப் மோட்டார் என்னும் சொற்கள் தமிழ்நாட்டுப் பட்டறைகளில் நிலைபெற்றதில் அதற்கும் பங்குண்டு. அதே 1961இல் வண்டலூரை அடுத்த ஸ்டாண்டர்டு ஆலையிலிருந்து வெளிவரத் தொடங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டும் இந்தப் பிரிட்டிஷ் மரபில் வந்த கார்தான்.

இம்மரபின் பெரும் வசதி, கம்பிகளின் நிறமே அவற்றின் பணியைச் சொல்லிவிடுவது. பழுப்பு நிறக் கம்பி பேட்டரியிலிருந்து நேராக வருவது. சாவி திறந்தாலும் மூடினாலும் அதில் மின்சாரம் உண்டு, ஃபியூஸ் கிடையாது. வெள்ளைக் கம்பி சாவியைத் திறந்த பின் உயிர் பெறுவது. அதற்கும் ஃபியூஸ் கிடையாது. ஊதா, எப்போதும் உயிருள்ளது, ஆனால் ஃபியூஸ் வழியாக வருவது. பச்சை, சாவியைத் திறந்த பின் ஃபியூஸ் வழியாக வருவது. நீலம் முகப்பு விளக்குகளுக்கு, சிவப்பு பக்க விளக்குக்கும் பின் விளக்குக்கும், கறுப்பு எர்த்துக்கு. அடிநிறத்தின்மேல் ஓடும் மெல்லிய கோடு கிளையைக் குறிக்கும்: நீலத்தில் வெள்ளைக் கோடு உயர் ஒளிக்கும், நீலத்தில் சிவப்புக் கோடு டிம்முக்கும், பச்சையில் சிவப்பு இடப்பக்க இண்டிகேட்டருக்கும், பச்சையில் வெள்ளை வலப்பக்க இண்டிகேட்டருக்கும் உரியவை. இதை அறிந்த ஒருவர் எந்தக் கம்பி ஆபத்தானது என்பதை வரைபடம் இல்லாமலே சொல்லிவிட முடியும்: பழுப்பு, வெள்ளை, நீலம், சிவப்பு. மாரிஸ் மைனரில் இந்த நான்குக்கும் பொதுவாகக் காப்பில்லை.

அக்காரில் இருப்பவை இரண்டே ஃபியூஸ்கள். ஒன்று ஹார்னுக்கும் உள்விளக்குக்கும் உரியது. மற்றொன்று வைப்பர், பிரேக் விளக்கு, இண்டிகேட்டர், பெட்ரோல் அளவுமானி ஆகியவற்றுக்குரியது. கூடவே இரண்டு உபரி ஃபியூஸ்களைச் செருகி வைக்க அந்தச் சிறு பெட்டியிலேயே இடம் உண்டு. முகப்பு விளக்கு, இக்னிஷன் காயில் இரண்டும் இவற்றுக்கு வெளியே நிற்கின்றன. அதைவிடக் கவலை தருவது, எஞ்சின் அறைக்குள் அமர்ந்திருக்கும் எஸ்யூ மின் பெட்ரோல் பம்ப்புக்குப் போகும் வெள்ளைக் கம்பியும் ஃபியூஸ் இல்லாததே என்பது; எரிபொருளைச் சுமக்கும் கருவியின் கழுத்திலேயே காப்பற்ற கம்பி ஒன்று சுற்றிக் கிடக்கிறது.

இதைச் செய்தவர்களை அறியாதவர்கள் என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. இரவில் வேகமாக ஓடும் காரில் ஒரே ஃபியூஸ் போய் இரு முகப்பு விளக்குகளும் ஒருங்கே அணைந்தால் நேரக்கூடிய விபத்து, கம்பி கருகுவதைவிடப் பெரிது என்ற கணிப்புக்கு அக்காலத்தில் பொருள் இருந்தது. மேலும், புதிய உறை, புதிய ரப்பர், சரியான கிளிப்புகள் உள்ள கம்பிக்கட்டு பத்துப் பன்னிரண்டு ஆண்டு உழைத்தால் போதும், அதற்குள் காரே கழிக்கப்பட்டுவிடும் என்பதுதான் அன்றைய எதிர்பார்ப்பு. அறுபது, எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் அக்காரை ஒருவர் கோவிலுக்கும் திருமணத்துக்கும் ஓட்டிச் செல்வார் என்று எந்தப் பொறியாளரும் எண்ணியிருக்க முடியாது. அவர்கள் கணக்கில் கொள்ளாத அந்த ஆண்டுகளுக்கு உரிய காப்பைத் தேடித் தருவது இன்றைய உடைமையாளரின் கடமை.

ஆண்டுகள் உறையை என்ன செய்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். 1950களின் முற்பகுதி வரை கம்பிகளுக்கு ரப்பர் உறையும் அதன்மேல் பருத்தி நூற்பின்னலும் இருந்தன. பின்னர் பிவிசி வந்தது. ரப்பர் காற்றாலும் வெப்பத்தாலும் முதலில் இறுகி, பிறகு வெடித்து, இறுதியில் பொடியாகிறது. வெளிப் பின்னல் அப்படியே இருப்பதால் பார்வைக்குக் கம்பிக்கட்டு நலமாகத் தோன்றும். ஓர் இடத்தில் பிடித்து வளைத்தால்தான் உள்ளிருந்து கறுப்புத் தூள் உதிர்வது தெரியும். தூள் உதிரும் கம்பியை டேப் சுற்றிக் காப்பாற்றிவிடலாம் என்பது வீண் முயற்சி. கைபட்ட இடத்தில் தூள் உதிர்ந்தது என்றால், கைபடாத இடத்திலும் அதே நிலைதான். பிவிசி இதைவிட நீண்ட நாள் உழைக்கிறது என்றாலும், எஞ்சின் சூடும் எண்ணெயும் பட்ட இடங்களில் அதன் நெகிழ்ச்சி போய்விடுகிறது. இவற்றோடு தமிழ்நாட்டுக் கொட்டகைகளுக்கே உரிய எதிரி ஒன்றும் உண்டு: மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த காரில் குடியேறும் எலி. அது டேஷ்போர்டுக்குப் பின்னும் இருக்கைக்கு அடியிலும் கம்பியின் உறையை மட்டும் உரித்துச் செம்பைப் பளிச்சென்று விட்டுச் செல்லும். நீண்ட நாள் நின்ற காருக்குப் பேட்டரி மாட்டுவதற்கு முன் டார்ச் வெளிச்சத்தில் கம்பிக்கட்டு முழுவதையும் பார்க்காமல் சாவியைத் திருப்புவது, இந்த ஒரு காரணத்துக்காகவே தவறு.

உறை எங்கே தேயும் என்பதும் கணிக்கக் கூடியதே. கம்பி எங்கே இரும்பைக் கடக்கிறதோ, எங்கே அசைகிறதோ, அங்கே தேயும். எஞ்சின் அறைக்கும் பயணிகள் பகுதிக்கும் நடுவிலுள்ள தகட்டில் கம்பிக்கட்டு நுழையும் துளை முதலாவது. அத்துளையின் விளிம்பில் குரோமெட் எனப்படும் ரப்பர் வளையம் இருக்கும். அது காய்ந்து உதிர்ந்த பின், வெட்டிய தகட்டின் கூர் விளிம்பு ஒவ்வொரு அதிர்விலும் கம்பியை அறுக்கத் தொடங்குகிறது. அந்த ரப்பர் வளையத்தின் விலை ஒரு தேநீரின் விலையைவிட அதிகமன்று. ஆனால் கம்பிக்கட்டை வெளியே எடுக்காமல் அதை மாட்ட முடியாது என்பதால் பலரும் விட்டுவிடுகின்றனர். ஸ்டாண்டர்டு ஹெரால்டில் இன்னொரு தனி இடம் உண்டு: அதன் முன்பகுதி முழுவதும் விளக்குகளோடு சேர்ந்து முன்னோக்கிச் சாய்ந்து திறப்பது. பானெட் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் முகப்பு விளக்குக் கம்பிகள் கீல் அருகே மடிந்து நிமிர்கின்றன. அங்கே போதிய தளர்வு விடாமல் கட்டிய கம்பியில் முதலில் இழைகள் ஒவ்வொன்றாக முறியும், பின்பு உறை கிழியும். மினி காரில் பேட்டரி டிக்கியில் இருப்பதால், விரல் தடிமனான கேபிள் ஒன்று காரின் அடிப்பகுதி வழியே பின்னிருந்து முன்வரை ஓடுகிறது. எப்போதும் உயிருள்ள, ஃபியூஸ் இல்லாத கேபிள் அது. தளத்துக்கு அடியில் ஜாக்கியைத் தவறான இடத்தில் வைத்து நசுக்கினாலும், கிளிப் கழன்று தொங்கிச் சாலைக் கல்லில் உரசினாலும், பேட்டரியின் முழு வலிமையும் அந்த இடத்தில் வெளிப்படும்.

ஆம்பியர் மானி உள்ள கார்களில் டேஷ்போர்டுக்குப் பின்புறம் தனிக் கவனத்துக்குரியது. காரின் மின்னோட்டம் ஏறத்தாழ முழுவதும் அந்த மானியின் இரு திருகாணிகள் வழியே செல்கிறது. அவை பெரும்பாலும் உறையின்றித் திறந்தே நிற்பவை. எண்ணெய் அழுத்த மானிக்குப் போகும் செம்புக் குழாயோ, ஸ்பீடோமீட்டர் கேபிளின் இரும்புப் புறவுறையோ தன் கிளிப்பிலிருந்து நழுவி அந்தத் திருகாணியில் சாய்ந்தால் போதும். ரேடியோவைக் கழற்றவோ மாட்டவோ கையை உள்ளே விட்டவர், தான் எதைத் தள்ளினார் என்பதை அறியாமலே வந்துவிடுவார்.

இதற்கு மாறாக, தீங்கு செய்யாமல் எச்சரிக்கும் குறுக்குச் சுற்றும் உண்டு. சில கருவிகளில் சுவிட்ச், மின்சாரம் வரும் பக்கத்தில் இல்லாமல் எர்த் பக்கத்தில் வைக்கப்பட்டிருக்கும்; மாரிஸ் மைனரின் ஹார்ன் அத்தகையது. ஸ்டியரிங்குக்குள் செல்லும் அக்கம்பி உறை தேய்ந்து இரும்பைத் தொட்டால், கம்பி எரியாது, ஹார்ன் தானாக ஒலிக்கும். ஏனெனில் மின்னோட்டம் ஹார்னைக் கடந்த பின்னரே எர்த்தை அடைகிறது. வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஹார்ன் தானே அலறினால் அந்தக் கம்பியைப் பிடுங்கிவிட்டு ஓட்டும் பழக்கம் உண்டு. அது தவறு: ஒரு கம்பி தேய்ந்திருக்கிறது என்றால், அதே தூணுக்குள் அதனுடன் ஓடும் இண்டிகேட்டர் கம்பிகளும் அதே வயதினவே.

போகும் பாதையைப் போலவே திரும்பும் பாதையும் தீயை மூட்டக் கூடியது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். எஞ்சின் ரப்பர் தாங்கிகளின்மேல் அமர்ந்திருப்பதால், அதற்கும் காரின் உடலுக்கும் இடையே மின் தொடர்பு தருவது பின்னல் செம்புப் பட்டை ஒன்றே. அது துருப்பிடித்தோ, எஞ்சினை இறக்கி ஏற்றியபோது மாட்டப்படாமலோ விடுபட்டால், செல்ஃப் மோட்டார் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் உடலுக்குத் திரும்ப வேறு வழி தேடும். சோக் கேபிளும் ஆக்சிலரேட்டர் கேபிளும் எஞ்சினையும் உடலையும் இணைப்பதால், அந்த மெல்லிய இரும்புக் கம்பிகள் வழியே ஓடிச் சிவக்கக் காய்ச்சும். செல்ஃப் அடிக்கும்போது சோக் குமிழ் சுட்டால், பார்க்க வேண்டியது சோக்கை அன்று, எர்த் பட்டையை.

எர்த்தைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1960களின் நடுப்பகுதி வரை பெரும்பாலான பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையே உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. மாரிஸ் மைனரும் அப்படியே. பேட்டரியைக் கழற்றும்போது ‘முதலில் நெகட்டிவ்’ என்று மனப்பாடமாகச் சொல்லும் விதி இத்தகைய கார்களில் கேடாகிவிடும். உண்மையான விதி, உடலோடு சேர்ந்த முனையை முதலில் கழற்ற வேண்டும், கடைசியில் மாட்ட வேண்டும் என்பதே. அப்போதுதான் மற்ற முனையைத் திருகும் ஸ்பானர் தவறித் தகட்டில் பட்டாலும் சுற்று முழுமையடையாது. சார்ஜ் ஏறும் பேட்டரி ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும் என்பதால், அங்கே தெறிக்கும் ஒரு பொறி பேட்டரியையே வெடிக்கச் செய்யலாம்.

ஃபியூஸின்மேல் எழுதியிருக்கும் எண்ணைப் படிப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. லூகாஸின் கண்ணாடிக் குழல் ஃபியூஸுக்குள் இருக்கும் காகிதச் சீட்டில் 35 ஆம்பியர் என்று காணப்படும். அது உருகும் அளவு. அந்த ஃபியூஸ் நீடித்துத் தாங்குவது 17.5 ஆம்பியரே. அமெரிக்க முறையில் செய்யப்பட்ட கண்ணாடி ஃபியூஸ்களிலும், இன்றைய தகடு வகை ஃபியூஸ்களிலும் எழுதப்படுவது நீடித்துத் தாங்கும் அளவு. ஆகவே பழைய புத்தகத்தில் 35 என்று கண்டு, கடையில் 35 ஆம்பியர் ஃபியூஸ் கேட்டு வாங்கி மாட்டுபவர், தான் அறியாமலே காப்பைப் பாதியாகக் குறைத்துவிடுகிறார். உரிய மாற்று 15 அல்லது 17 ஆம்பியர் அளவினதே. ஃபியூஸ் போனதும் சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றிச் செருகுவதையும், செம்பு இழையை முறுக்கி மாட்டுவதையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதைச் செய்த பின் அக்காரில் ஃபியூஸே இல்லை.

சரியான அளவுள்ள ஃபியூஸும் முழுக் காப்பன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மைனரின் ஃபியூஸ் பெட்டியிலிருந்து பிரியும் கிளைக் கம்பிகள் பல, 0.30 மில்லிமீட்டர் இழைகள் பதினான்கு கொண்டவை. 1 சதுர மில்லிமீட்டர், தாங்குவது 8.75 ஆம்பியர். செம்பு தகட்டை முழுமையாகத் தொட்டால் ஃபியூஸ் உடனே உருகும். ஆனால் துருவும் கரியும் இடையில் இருக்க, அரைகுறையாகத் தொட்டால், 20 ஆம்பியர் அளவு ஓடிக்கொண்டே இருக்கும். 35இல் உருகும் ஃபியூஸ் அதைப் பொறுத்துக்கொள்ள, பதினான்கு இழைக் கம்பி மெல்ல வெந்துகொண்டிருக்கும். அந்தத் தொடுமுனையில் 200 வாட்டுக்கு மேற்பட்ட வெப்பம் பிறந்தாலும், ஓட்டுபவருக்கு விளக்கு சற்று மங்குவதைத் தவிர வேறெதுவும் தெரியாது. பழைய கார்களில் மிகக் கொடியது இந்த அரைக் குறுக்குதான் என்பது இவ்வுரையின் உறுதியான கருத்து. முழுக் குறுக்கு ஒரு நொடியில் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும், இது காட்டிக்கொடுக்காது.

இனிக் காப்பு. முதலில் செய்ய வேண்டியது பேட்டரிக்கு அருகிலேயே, பழுப்புக் கம்பி புறப்படும் இடத்தில் ஒரு முதன்மை ஃபியூஸ் வைப்பது. மைனரில் செல்ஃப் சுவிட்சின் முனையிலிருந்து கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் செல்லும் பழுப்புக் கம்பி 44 இழை கொண்டதாயின், 27.5 ஆம்பியர் தாங்கும். அதற்கு மிகாத அளவுள்ள பெரிய தகடு ஃபியூஸ் பொருந்தும். செல்ஃப் மோட்டாருக்குச் செல்லும் தடித்த கேபிளுக்கு இவ்வாறு ஃபியூஸ் வைக்க இயலாது, ஏனெனில் அது இயல்பாகவே நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுப்பது. அதைக் காக்க வல்லவை நல்ல உறை, நெருக்கமான கிளிப்புகள், பேட்டரியைத் துண்டிக்கும் கட்-ஆஃப் சுவிட்ச் ஆகிய மூன்றே. காரை நிறுத்திய பின் அந்தச் சுவிட்சைத் திருப்பி வைப்பவரின் கொட்டகையில், இரவில் எலி எந்தக் கம்பியைக் கடித்தாலும் தீ மூளாது.

முதன்மை ஃபியூஸ் மட்டும் வைத்து நிறுத்திக்கொண்டால் வேறோர் ஆபத்து தோன்றும்: எங்கோ ஒரு சிறு கோளாறில் அது உருகினால், ஓடும் காரில் விளக்கும் எஞ்சினும் ஒருசேர அணையும். பழைய பொறியாளர்கள் அஞ்சியதும் இதைத்தான். அதனால் கீழ்க் கிளைகள் ஒவ்வொன்றுக்கும் சிறு ஃபியூஸ் வைத்து, கோளாறு நேர்ந்த கிளை மட்டும் முதலில் அறுபடும்படி செய்ய வேண்டும். பெட்ரோல் பம்ப்புக்கு 5 ஆம்பியர், இக்னிஷன் காயிலுக்கு 10, வலப்பக்கத்தில் சிவப்புக் கம்பி செல்லும் விளக்குகளுக்கு ஒன்று, இடப்பக்கத்துக்கு ஒன்று. முகப்பு விளக்குகளில் இடது, வலது, டிம், உயர் ஒளி என நான்கு இழைகளுக்கும் நான்கு ஃபியூஸ் வைத்தால், எது போனாலும் மற்ற விளக்கு எரியும்; இருளில் மூழ்கும் அச்சமும் இல்லை, கம்பி எரியும் அச்சமும் இல்லை.

முகப்பு விளக்குகளுக்கு ரிலே வைப்பதும் இதனோடு சேர்ந்தது. ரிலே என்பது சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் மின்காந்தச் சுவிட்ச். 100 வாட் ஹாலோஜன் பல்புகள் இரண்டு பொருத்தினால் ஏறத்தாழ 17 ஆம்பியர் ஓடும். அது முழுவதும் டேஷ்போர்டுக்கு ஏறி, அறுபதாண்டுப் பழைய சுவிட்ச் வழியாகவும் காலால் மிதிக்கும் டிம் சுவிட்ச் வழியாகவும் சுற்றி முன்னால் வருகிறது. ரிலே வைத்தால் அந்த நீண்ட பாதையில் கால் ஆம்பியருக்கும் குறைவாகவே ஓடும். டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் மாட்டுவோரும் இதே கணக்கைப் பார்க்க வேண்டும்: லூகாஸ் சி40 டைனமோ தருவது 22 ஆம்பியர், 44 இழைக் கம்பி அதைத் தாங்கும், 34 ஆம்பியர் தரும் 16ஏசிஆர் ஆல்டர்னேட்டரை அதே கம்பியில் இணைப்பது கம்பியைக் காய்ச்சுவதாகும். டைனமோவையே வைத்துக்கொள்வோர், டைனமோவைப் பேட்டரியோடு சேர்த்துப் பிரிக்கும் கட்-அவுட்டின் தொடுமுனைகளை ஆண்டுக்கொரு முறை பார்ப்பது நல்லது. அவை ஒட்டிக்கொண்டால் எஞ்சின் நின்ற பின்னும் பேட்டரி டைனமோவுக்குள் தன்னைக் கொட்டிக்கொண்டே இருக்கும்.

இணைப்புகளில் முறுக்கி டேப் சுற்றுவது கூடாது. வெயிலில் நிற்கும் காரில் இன்சுலேஷன் டேப்பின் பசை இளகி வழிந்து, டேப் பிரிந்து, முறுக்கிய செம்பு வெளியே தெரியும். ஓடும் கம்பியின்மேல் இடுக்கியால் அழுத்திக் கிளை எடுக்கும் பிளாஸ்டிக் இணைப்பிகளும் இழைகளை வெட்டிவிடுவதால் தவிர்க்கத் தக்கவை. சரியான லக்கை உரிய இடுக்கியால் அழுத்தி, வெப்பத்தால் சுருங்கும் ஸ்லீவ் போடுவதே நிலைக்கும். ஈயப்பற்று வைத்தால் பற்று முடியும் இடத்தில் கம்பி விறைத்து, அதிர்வில் அங்கேயே முறியும் என்பதால், அதன் பின் சிறிது தொலைவில் கம்பியைத் தாங்கிப் பிடிக்க ஒரு கிளிப் வேண்டும்.

இவ்வளவும் செய்தால் அது பழைய காராக இருக்குமா என்ற கேள்வி நேர்மையானது. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபீவா 2012இல் ஏற்ற டூரின் சாசனம், தொல்பொருள்களைப் பேணுவதற்கு உரிய அதே மதிப்போடு வாகனங்களையும் அணுகச் சொல்கிறது. கட்டடங்களுக்கான 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனத்தின் வழியில் எழுதப்பட்டது அது. பாதுகாப்புக்காகச் செய்யும் மாற்றம் கண்ணை உறுத்தாமலும், வேண்டும்போது எடுத்துவிடக் கூடியதாகவும் இருந்தால் அந்த மனப்பான்மைக்கு முரணாகாது. பருத்திப் பின்னல் போர்த்திய புதிய கம்பிக்கட்டை அதே நிறங்களில் இன்றும் செய்விக்கலாம். புதிய ஃபியூஸ் பெட்டியை டேஷ்போர்டுக்கு அடியிலோ கையுறை அறைக்குள்ளோ வைக்கலாம். பழைய இரட்டை ஃபியூஸ் பெட்டி தன் இடத்திலேயே, தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கலாம். எதுவும் வெட்டப்படக் கூடாது, எதற்கும் புதுத் துளை போடக் கூடாது, செய்ததை ஒரு தாளில் வரைந்து காரிலேயே வைக்க வேண்டும். பத்தாண்டு கழித்துப் பழுது பார்க்க வரும் எலக்ட்ரீஷியனுக்கு அந்தத் தாள் தேவைப்படும்.

வேலை முடிந்ததும் பேட்டரியை நேராக இணைத்துவிடாமல், தேர்ந்த எலக்ட்ரீஷியன்கள் கையாளும் எளிய முறை ஒன்று உண்டு. பேட்டரியின் எர்த் முனைக்கும் அதிலிருந்து கழற்றிய எர்த் கேபிளுக்கும் நடுவே, பிரேக் விளக்குக்குரிய 21 வாட் பல்பு ஒன்றை இரு கம்பிகளால் இணைக்க வேண்டும். காருக்குள் எங்கே குறுக்கு இருந்தாலும், பல்பின் தடை வழியில் நிற்பதால், 1.75 ஆம்பியருக்கு மேல் ஓட முடியாது. எந்தக் கம்பியும் சூடாகாது. சுவிட்சுகள் அனைத்தும் அணைந்திருக்க, கதவுகளும் சாத்தியிருக்க, பல்பு முழு ஒளியோடு எரிந்தால் பழுப்பு அல்லது ஊதாக் கம்பியில் குறுக்கு உண்டு. அப்போது ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்தும், இணைப்பிகளை ஒவ்வொன்றாகப் பிரித்தும், கம்பிக்கட்டை ஓரடி ஓரடியாக அசைத்தும் பார்த்துக்கொண்டே வர, எந்த இடத்தில் பல்பு அணைகிறதோ அங்கே குறுக்கு இருக்கிறது. பல்பு எரியவே இல்லையென்றால், சாவியைத் திறந்து வெள்ளையையும் பச்சையையும், பின் விளக்குச் சுவிட்சை இழுத்துச் சிவப்பையும் நீலத்தையும் அவ்வாறே சோதிக்க வேண்டும். இப்போது விளக்குகளும் காயிலும் இழுப்பதால் பல்பு ஓரளவு எரிவது இயல்பு என்பதால், அவற்றின் இணைப்பைக் கழற்றிவிட்டே பார்க்க வேண்டும். ஒவ்வொரு கிளையிலும் பல்பு இருண்டே இருந்த பிறகு, கழற்றியவற்றை மாட்டி, பல்பை எடுத்துவிட்டு, எர்த் கேபிளைப் பேட்டரியில் வைத்து இறுக்கலாம்.